ஊசியைப் பிடித்தது உன் அம்மா

செல்வம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் நின்று "மாப்பிள்ளை லெட்டர் வந்திருக்குண்ணே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் தடவை படித்தபோது மனசு குளிர்ந்தது. உனக்குப் பெண் கொடுக்கப்போகிறவர் திருச்சியில் கட்டடக் கான்ட்ராக்ட் எடுப்பவர். அப்படிப்பட்டவரிடம் நீ உன் அப்பனைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாய். இரண்டாவது தடவை படித்தபோதுதான் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது வைப்ரேட்டர் நின்றுபோனதையும், நான் அதைக் கழற்றிச் சரிபண்ணி, உச்சி வெயிலில் தனியாளாக நின்று பீமை முடித்துக் கொடுத்ததையும் நீ அவரிடம் சொன்னாயாம். அவர் தொடையைத் தட்டி ரசித்தாராம். கல்யாணத்தன்றைக்கு மேடையில் எல்லோர் முன்னாலும் இந்தக் கதையைச் சொல்லி எனக்கு மாலை போடப்போகிறாராம். அதைப் படித்துவிட்டு நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வம், அந்தக் கதையில் மிஷின் நின்றது நிஜம், வெயில் நிஜம், பீம் நிஜம். சரிபண்ணியதும் முடித்ததும் நான் இல்லை. உன் அம்மா.

இன்லேண்டில் இது அடங்காது என்று கோடு போட்ட தாளாக வாங்கி வந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நீ அந்த மிஷினோடு ஒரே வீட்டில் வளர்ந்தாலும் அதைத் தொட நான் உன்னை விட்டதில்லை. அதனால் அது என்ன செய்யும் என்பதிலிருந்து சொல்கிறேன். கான்கிரீட்டை மேலே இருந்து கொட்டினால் அது தானாக மூலை முடுக்கெல்லாம் போய் உட்காராது. கம்பிக்கு நடுவிலும் பலகை ஓரத்திலும் காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். அப்படியே இறுகினால் உள்ளே பொத்தலும் பொந்துமாகிவிடும், வெளியே பூசி மறைத்தாலும் பலம் இருக்காது. அதற்குத்தான் பெட்ரோல் எஞ்சினிலிருந்து ஒரு நீளமான ரப்பர்க் குழாய், அதற்குள்ளே சுழல்கிற கேபிள், அதன் முனையில் நாங்கள் ஊசி என்று சொல்கிற இரும்புத் தண்டு. பேருக்குத்தான் ஊசி, ஆள் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். அதைக் கலவைக்குள் விட்டால் அது அதிர்கிற அதிர்வில் காற்றெல்லாம் குமிழியாக மேலே வந்துவிடும், கலவை தண்ணீர் மாதிரி இளகி ஒவ்வொரு கம்பியையும் சுற்றிப் பிடிக்கும். அப்போதெல்லாம் கிராமத்து வேலைகளில் கரண்டை நம்ப முடியாது. அதனால் பெட்ரோல் மிஷின் வைத்திருக்கிறவனுக்கு நல்ல கிராக்கி. நான் அதைப் பழசாக வாங்கி ஆனையூர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உனக்கு நாலு வயசு.

வாங்கியது நான். புரிந்துகொண்டது அவள். பேரையூர்ப் பக்கம் உன் தாத்தா தோட்டத்தில் கிணற்றுக்கு ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது உனக்குத் தெரியும். அவருக்கு மூச்சிரைப்பு, கைப்பிடியைச் சுற்ற முடியாது. பதினாலு வயசிலிருந்து உன் அம்மாதான் அதைச் சுற்றி ஓட்டியிருக்கிறாள். மிஷின் வீட்டுக்கு வந்த முதல் நாளே அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது தொண்டையில எதையோ வச்சுக்கிட்டுப் பேசுது, கார்புரேட்டரக் கழட்டிக் கழுவுங்க" என்றாள். நான் சிரித்தேன். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவரும் அதையேதான் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் நான் சொல்லவில்லை. என் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூட வேலை வந்தபோது உனக்கு ஏழு வயசு. ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டுகிற கட்டடம், மூன்று வகுப்பறைக்கும் ஒரே கூரை, நடுவில் பெரிய பீம். கான்ட்ராக்டர் துளசிராம் அண்ணன். நெசவுக் குடும்பத்தில் பிறந்து கட்டட வேலைக்கு வந்தவர், கோபம் வந்தால் தம்பியிடம் வீட்டுப் பாஷையில் பேசுவார், நமக்கு ஒன்றும் விளங்காது. அப்போது சிமெண்டுக்குத் தட்டுப்பாடு, எல்லாம் சர்க்கார் பெர்மிட்டில் வாங்கியது. ஆறு மாசம் அலைந்து சேர்த்த மூட்டைகள். வீணானால் இன்னொரு தடவை கிடைக்காது. பீம் பாதியில் நிற்கக்கூடாது, ஒரே மூச்சில் போட்டுவிட வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். உன் அம்மா மூன்று நாளாக ஏர் ஃபில்டரைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிமெண்ட் தூசி அடைத்தால் எஞ்சின் மூச்சுவிட முடியாது. "ஒரு நாளைக்குத்தானே, தாங்கும்" என்று சொல்லிவிட்டு விடிந்ததும் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். பெட்ரோலை வடிகட்டுகிற துணியையும் மறந்துவிட்டேன். அங்கே கிடந்த துருப்பிடித்த டின்னில் ஊற்றி வைத்து, அப்படியே டேங்கில் கவிழ்த்தேன்.

பதினொரு மணி வரைக்கும் ஓடியது. பிறகு எஞ்சின் இருமியது, புகைந்தது, நின்றது. பீம் சரியாகப் பாதி. நான் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது, உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. தலைமைக் கொத்தனார் கருப்பையா, "மாப்ள, என்னாச்சு? கலவை காஞ்சுக்கிட்டு வருது" என்று பக்கத்தில் வந்து நின்றார். சித்தாள் பெண்கள் கலவைச் சட்டியைத் தலையில் வைத்தபடி சாரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். துளசிராம் அண்ணனும் தம்பியும் அவர்கள் பாஷையில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தாலே என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு எதிரே இருந்தது மிஷின் ஒன்றுதான். அதை ஓங்கி ஓர் உதை விட்டேன்.

அப்போது கீழே இருந்து ஒரு குரல். "ஏங்க, மொதல்ல ஊசிய வெளிய எடுங்க!" உன் அம்மா. ஒரு கையில் தூக்குச்சட்டி, ஒரு கையில் மஞ்சள் பை. எஞ்சின் நின்ற பதற்றத்தில் ஊசியைக் கலவைக்குள்ளேயே விட்டுவிட்டேன், செல்வம். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் கான்கிரீட் அதைக் கவ்விப் பிடித்திருக்கும், மிஷினும் போய் பீமும் போயிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தோம். அதற்குள் அவள் சாரத்தில் ஏறி வந்துவிட்டாள். நான் கிளம்பிப்போன பிறகு கொல்லையில் மாற்று ஃபில்டரும் கழுவாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். அதைக் கழுவிக் காயவைத்து, பிளக் ஸ்பேனரையும் வடிகட்டித் துணியையும் பைக்குள் போட்டு, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். சோறு ஒரு சாக்குத்தான்.

"பஸ்ஸ விட்டு எறங்கும்போதே சத்தம் கேட்டுச்சு. திக்கித் திக்கி நின்னுச்சுல்ல? இழுக்காதீங்க, இழுக்க இழுக்க பிளக்குதான் நனையும்" என்றாள். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தப் பீடிய அணைங்க. பெட்ரோலத் திறக்கப் போறேன்" என்றாள். கருப்பையா அணைத்தார். "கலவை பாதியில நின்ன எடத்துல ஈரச்சாக்கப் போடுங்க. போட்ட கலவையக் கடப்பாரையால குத்திக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, உசுரு போயிரக்கூடாது." அதையும் செய்தார். துளசிராம் அண்ணன் அவசரப்படுத்தினார். "எம்புட்டு நேரம்மா ஆகும்?" அவள் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து உடனே எடுத்தாள். "கொதிக்குதுண்ணே. இதுல பெட்ரோல் சிந்துச்சுன்னா நாம எல்லாரும் சேந்து வேகணும். அது ஆறட்டும், அதுக்குள்ள மத்தத நான் பாக்குறேன்." அப்புறம் அத்தனை ஆண்களும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் செய்த ஒவ்வொன்றும் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பெட்ரோல் வருகிற திருகை மூடினாள். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற சின்னக் கிண்ணத்தைக் கழற்றிக் கையில் கவிழ்த்தாள். துருத் தூளும் இரண்டு சொட்டுத் தண்ணீரும். என்னைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். உள்ளே பெட்ரோல் பாய்கிற துளை அடைத்திருந்தது. கருப்பையா கட்டுக்கம்பியை நீட்டினார், குத்தி எடுக்கலாம் என்று. "கம்பிய விட்டா தொளை பெருசாயிரும்ணே, அப்புறம் என்னைக்கும் பெட்ரோலக் குடிச்சுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதை உதட்டில் வைத்து ஊதி, பெட்ரோலைத் துப்பி, மறுபடி ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிளக்கைத் துடைத்துச் சூடான பலகைமேல் காயவைத்தாள். அதன் முனையில் பொறி பறக்கிற இடைவெளியை அளக்க ஒன்றும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து மூன்று மடிப்பு மடித்து அதில் நுழைத்துப் பார்த்தாள். டேங்கில் இருந்ததை முழுக்க வடித்துவிட்டு, துணி கட்டி நல்ல பெட்ரோல் ஊற்றினாள். ஃபில்டரை மாற்றினாள். "இப்ப இழுங்க" என்றாள். என் கையைப் பார்த்துவிட்டு அவளே கயிற்றைச் சுற்றினாள். இரண்டு தடவை இழுத்ததற்கு முனகியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. சாரத்தில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள், கோயில் திருவிழாவில் போடுகிற மாதிரி.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன், சரிபண்ணினாள், அவ்வளவுதானே என்று. என் உள்ளங்கையால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. "நீங்க எஞ்சினப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஊசியைப் பிடித்தாள். நான் குழாயைத் தாங்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அன்றைக்குத்தான் அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று பார்த்தேன். நான் ஊசியைச் சாய்த்துப் பிடித்துக் கலவையைத் தள்ளுவேன், மண்வெட்டி மாதிரி. கம்பியில் முட்டும், நான் கவலைப்பட மாட்டேன். அவள் நேராக நிறுத்தி, அதன் பாரத்திலேயே சட்டென்று இறங்க விட்டாள். குமிழி கொப்பளித்து வந்து அடங்குகிற வரைக்கும், மேல்பரப்பு எண்ணெய் தடவினது போல மினுங்குகிற வரைக்கும் அசையாமல் பிடித்தாள். பிறகு மெதுவாக, பள்ளம் விழாத அளவுக்கு மெதுவாகத் தூக்கி, ஒரு முழம் தள்ளி மறுபடி இறக்கினாள். கூடுதலாக ஒரு நொடி வைக்கவில்லை, அதிகம் அதிர்ந்தால் ஜல்லி அடியில் போய்விடும், வெறும் சிமெண்டுப் பால்தான் மேலே நிற்கும். பழைய கலவையும் புதுக் கலவையும் சேர்கிற இடத்தில் ஊசியை இரண்டுக்கும் பொதுவாக ஆழமாக விட்டாள், ஒன்றோடொன்று கலக்கட்டும் என்று. கலவை வர ஒரு நிமிஷம் தாமதமானாலும் ஊசியை வெறும் காற்றில் ஓடவிடவில்லை, என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான் எஞ்சினைத் தணிப்பேன். நாலு மணிக்குப் பீம் முடிந்தது. அவள் கை தோள்பட்டை வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பை அவளால் பிடிக்க முடியவில்லை என்று சித்தாள் ஒருத்தி வாயில் ஊற்றிவிட்டாள். பத்து நாள் கழித்துப் பலகையைப் பிரித்தபோது பீம் தேய்த்த வெண்கலம் மாதிரி இருந்தது. ஒரு பொத்தல் இல்லை.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். வேலை முடிந்த நேரம் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் ஊருக்குள்ளிருந்து வந்தார். நடந்ததை யாரோ வழியில் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். துளசிராம் அண்ணன் மணல் லாரியைப் பார்க்க ரோட்டுக்குப் போயிருந்தார். "யாருப்பா மிஷின்காரரு?" என்று தலைவர் கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். மிஷின்காரன் நான்தானே, அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் தன் தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தி, "எங்க ஊர்ப் பிள்ளைக தலைக்கு மேல நிக்கிற கூரைய நீ காப்பாத்திட்டப்பா" என்றார். "நான் இல்லைங்க, அவ" என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. உன் அம்மா கீழே தொட்டியடியில் உட்கார்ந்து, காய்வதற்குள் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு தலைவரைக் கும்பிட்டேன்.

மறு வாரம் அந்தத் துண்டை நாலாகக் கிழித்துப் பெட்ரோல் வடிகட்ட வைத்துக்கொண்டாள். "புதுத் துணி, நல்லா வடியும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, என்ன வெட்கங்கெட்ட கோபம் பார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களிடமும் டீக்கடையிலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அதில் அவள் சின்னதாகிக்கொண்டே வந்தாள். முதலில் பிளக் எடுத்துக் கொடுத்தவள், பிறகு சோறு கொண்டுவந்தவள், கடைசியில் ஆளையே காணோம். நீ மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது திருப்பித் திருப்பிக் கேட்டது அந்தக் கடைசிக் கதையைத்தான். அவள் அடுப்படியில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பொய் சும்மா இருக்கவில்லை. எனக்கு மஞ்சள்காமாலை வந்து இரண்டு மாசம் படுத்தது உனக்கு நினைவிருக்காது, முழுப்பரீட்சை லீவுக்கு உன்னைப் பேரையூருக்கு அனுப்பிவிட்டோம். வீட்டில் வருமானம் இல்லை. உன் அம்மா மிஷினோடு வேலை கேட்டு நாலைந்து கான்ட்ராக்டர்களிடம் போனாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "அண்ணன் எந்திரிச்சு வரட்டும் மதனி. நீங்க சோறு கொண்டாந்து குடுத்தவங்கதானே, உங்களுக்கு என்ன தெரியும்?" திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றாள். "நான் சோறுதான் கொண்டாந்தேன்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்போதாவது உண்மையைச் சொல்லி அந்தக் கான்ட்ராக்டர்களுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

என்னைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்த துளசிராம் அண்ணன்தான் காப்பாற்றினார். அவர் நேரில் பார்த்தவர். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அவளிடம் கேட்டார்: "நாளைக்கு ஒரு கூரை இருக்கு, மிஷினோட வாரியாம்மா?" "வாரேண்ணே" என்றாள். நான் எழுந்து நடக்கிற வரைக்கும் அவளே ஓட்டினாள். சாயந்தரம் வந்ததும் ஊசியையும் குழாயையும் கழுவி, வாரம் ஒரு தடவை கேபிளை உருவி மண்ணெண்ணெயில் துடைத்து, விரலால் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, குழாயை மடங்காமல் பெரிய வளையமாகச் சுற்றி வைத்து, அதற்குப் பிறகுதான் காப்பி போடுவாள். நாள் கணக்கில் வேலை இல்லையென்றால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் ஓட்டித் தீர்த்துவிட்டுத்தான் சாக்குப் போட்டு மூடுவாள். அந்த வயசு மிஷின்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நம் மிஷின் போன வாரம்கூட ஒரு கூரை போட்டது. படுக்கையில் இருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவள்மேல் வந்த மதிப்பை என்ன வார்த்தையால் சொல்வதென்று தெரியவில்லை. சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் என்னவெல்லாமோ புத்தி சொல்லுவான். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். உனக்கு வரப்போகிற பெண்ணுக்கு உன்னைவிட நன்றாகத் தெரிந்த காரியம் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அதை நீ கண்ணால் பார்க்கிற அன்றைக்கே, நாலு பேர் இருக்கும்போதே, சத்தமாகச் சொல்லிவிடு. மறுநாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அது கனத்துப்போகும். நான் தள்ளிப்போட்டது பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நேற்றுக் காலையில் கொல்லைப்பக்கம் போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். மிஷினுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு அந்தத் தலைவர்கிட்ட நான் உன் பேரைச் சொல்லியிருக்கணும் பேச்சி. சொல்லாதது தப்பு. அப்புறம் ஊரெல்லாம் சொன்னது அதைவிடத் தப்பு" என்றேன். அவள் கைவேலையை நிறுத்தவில்லை. எண்ணெய் முழுக்க வடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியுங்க, உங்களுக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சுன்னு. வாயில வர இம்புட்டு நாளாச்சு" என்றாள். செல்வத்துக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், அவன் மாமனாரிடம் மாற்றிச் சொல்லிவிடுவான் என்றேன். அதற்குத்தான் அவள் நிமிர்ந்தாள். "அவன் எதுக்குங்க சொல்லணும்? பொண்ணு வீட்ல போயி, எங்கப்பா பொய் சொன்னாருன்னு சொல்ற மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நீங்கதானே சொன்னீங்க, நீங்களே எழுதுங்க."

எழுதிவிட்டேன். உன் மாமனாருக்கு இரண்டு பக்கம், நடந்ததை நடந்தபடி, என் கையெழுத்துப் போட்டு. மேடையில் சொல்லத்தான் வேண்டும் என்றால் பேச்சியம்மாள் என்ற பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள், நான் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை நேற்றே தபாலில் போட்டாயிற்று. இது உன் கைக்கு வரும்போது அவர் அதைப் படித்து முடித்திருப்பார். நீ ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. அவர் கேட்டால், ஆமாம் மாமா, அம்மாதான் என்று சொல். அது போதும்.

உன் அப்பா
ஆனையூர்